பீலியிடம் சொன்ன கனவு

துறையூரில் எனக்கு ஒரு மூக்குக் கண்ணாடிக் கடை இருக்கிறது. கடை திறந்ததிலிருந்து பூட்டும் வரை நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வந்தவர் மூக்கின் மேல் சோதனைச் சட்டத்தை மாட்டி, ஒரு வில்லையைப் போட்டுக் காட்டுவேன். அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போடுவேன். "இதா, அதா? எது தெளிவா இருக்கு?" தெளிவாக இருப்பதுதான் சரி. இந்தச் சின்ன நம்பிக்கையை வைத்து நானும் பிழைத்தேன், ஊரில் பலரும் பஸ் போர்டு படித்தார்கள். அந்த நம்பிக்கையைப் பண்டாரவளைக்கு அப்பால் ஒரு மலையில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அம்மாவின் அண்ணன் குடும்பம் இலங்கையில் இருக்கிறது. அம்மா சின்ன வயதிலேயே கப்பலேறி இந்தியாவுக்கு வந்துவிட்டார், மாமா தேயிலைத் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். மாமா மகன் சிவலிங்கத்தோடு எனக்குப் போன் பழக்கம் மட்டும்தான். இந்த வருடம் அவருடைய மகள் பிரியாவுக்குக் கல்யாணம் வைத்தார்கள். "தெய்வானைக்குக் கூடப்பொறந்தவங்க யாரும் இல்ல மச்சான். முறைக்கு நீங்கதான் அண்ணன். நீங்க வந்து தாய்மாமனா நின்னாத்தான் மணவறை நெறையும்" என்றார். தெய்வானை அவர் மனைவி. அதற்கு மேல் கடையைக் காரணம் காட்ட முடியுமா? பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

பதுளையில் இறங்கியபோது நல்ல வெயில். மலைநாடு என்றால் குளிரும் என்று கம்பளிச் சட்டையோடு இறங்கி, திருச்சி ஜங்ஷனில் நிற்பவனைப் போல வேர்த்து வழிந்தேன். கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்குள் ஒதுங்கினேன். முதலாளி என் பேச்சைக் கேட்டதும் எழுந்துவிட்டார். "இந்தியாவுங்களா? எங்க தாத்தா ராமநாதபுரம் பக்கம்" என்றார். பிரியாவுக்குச் சேலை எடுத்தேன். பணம் கொடுத்து முடித்ததும், "குடை இருக்குங்களா?" என்று கேட்டார். வெளியே வெயிலைக் காட்டினேன். "இங்க இருக்கிற வெயிலு இங்க மட்டுந்தாங்க. மேல போனா வேற நாடு" என்று ஒரு கறுப்புக் குடையை என் தலையில் கட்டினார். வியாபாரி வியாபாரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் அவருக்கு மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

சாப்பாட்டுக்கு ஒரு சின்னக் கடை. பாண், பருப்பு, சம்பல். ரொட்டித் துண்டைத் தட்டில் பார்த்தால் காய்ச்சலா என்று விசாரிக்கும் ஊர் நம்முடையது. இங்கே கூலிக்காரரும் குமாஸ்தாவும் அதைத்தான் பிய்த்துப் பருப்பில் முக்குகிறார்கள். சம்பலின் காரம் காது வரை ஏறியது. இன்னொரு தட்டு வாங்கினேன்.

பண்டாரவளையில் மாறி ஏறிய பஸ் சின்னது, பாட்டு மட்டும் பெரியது. பக்கத்தில் லீக்ஸ் காய்கறி மூட்டையோடு ஒரு சிங்கள அம்மாள். கொஞ்ச தூரத்திலேயே பனிமூட்டம் இறங்கி ஜன்னலை அடைத்துவிட்டது. ஒரு வளைவில் பஸ் நின்றது. சாலையில் சேறு சரிந்து கிடந்தது. டிரைவர் இறங்கி, காலால் அதைத் தொட்டுப் பார்த்து, மேலே அண்ணாந்து பார்த்து, திரும்பி வந்து என்ஜினை அணைத்தார். அந்த அம்மாள் சிங்களத்தில் ஏதோ சொன்னார். முன்சீட்டுக்காரர் எனக்காகத் தமிழில் சொன்னார்: "இந்த வளைவுல முன்ன ஒரு தேத்தண்ணிக் கடை இருந்திச்சாம். ஒரு நாள் காலைல வந்து பார்த்தா கடையும் இல்லையாம், கடை இருந்த எடமும் இல்லையாம். தான் அங்க டீ குடிச்சது நெசந்தானான்னு இப்பவும் சந்தேகமா இருக்காம்." பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

மிச்ச வழியை மழையில் நடந்தோம். குடை இல்லாவிட்டால் என் கதி அதோகதிதான்.

சிவலிங்கம் தோட்டத்து வளைவில் நின்றிருந்தார். போனில் கேட்ட குரலுக்கு நான் மனதில் வரைந்திருந்த முகம் வேறு. இது என் அம்மாவின் முகத்தில் மீசை வைத்தது போல இருந்தது. கட்டிக்கொண்டோம். அவர் வீடு இருந்தது ஒரு லயத்தில். தகரக் கூரைக்குக் கீழே ஒன்றோடொன்று ஒட்டிய அறைகள், அவற்றைக் காம்பரா என்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் குறுகலான இஸ்தோப்பு, வீட்டுக்கு வெளித்தாழ்வாரம் அதுதான். லயத்தின் முதுகுக்குப் பின்னால் தேயிலை செங்குத்தாக ஏறி மூட்டத்துக்குள் போய்விடுகிறது. வாசலில் பந்தல்கால் நட்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் பல தோட்டங்களிலிருந்தும் வந்து நிறைந்திருந்தார்கள். ஒரு காம்பராவில் எத்தனை பேர் படுக்கலாம் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

தெய்வானை தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தாள். உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, "நக்கிக்கிட்டே பிளேன் டீயக் குடிங்க அண்ணே" என்றாள். கண்ணுக்கெட்டிய வரை தேயிலை. அதைக் கிள்ளுகிறவர்கள் குடிப்பது சல்லடைக்குக் கீழே விழுந்த தூள். அதைச் சொன்னேன். "நல்லத நீங்கல்லாம் குடிக்கிறீங்கள்ள, அது போதும்" என்றாள். சண்டைக்காரத் தங்கை கிடைத்தாள் என்று எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் காலையில் கல்யாணப் பத்திரிகையைச் சாமிக்கு வைத்துக் கும்பிடக் கூட்டிப் போனார்கள். கோயில் கீழே இருக்கிறது. ஆனால் முதல் மரியாதை மேலே மலையில் இருக்கும் கவ்வாத்துச் சாமிக்கு. தேயிலைச் செடியை வெட்டிச் சீராக்குவதுதான் கவ்வாத்து. கத்தி படாமல், கால் வழுக்காமல் காப்பாற்ற ஒரு சாமி. ஒரு நிழல் மரத்தடியில் முழங்கால் உயரக் கல், பக்கத்தில் மண்ணில் குத்திய பழைய கவ்வாத்துக் கத்தி, கல்லில் மெழுகு வைத்து ஒட்டிய இரண்டு வெள்ளிக் கண்கள். தொழில் புத்தி, கண்ணைத்தான் முதலில் பார்த்தேன். இடது கண் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அந்தக் கண்கள் நேராகக் கீழே லயத்தைப் பார்த்தன.

"அவரு பார்த்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் லயத்துக்கு ஒண்ணும் வராது மச்சான்" என்றார் சிவலிங்கம். பிரியா விழுந்து கும்பிட்டாள். பண்டாரவளையில் நர்சரிப் பள்ளி டீச்சரான அவள், கும்பிட்ட கையோடு போனை எடுத்துக் காற்றில் ஆட்டினாள். இந்த மலையில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம் சாமி பக்கத்தில்தானாம். "மாப்பிள்ளை சாமி புண்ணியத்துலதான் பேசுறாரு" என்று கேலி செய்தேன். மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினோம். கீழே வந்த பிறகுதான் குடையைச் சாமியிடமே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது.

இஸ்தோப்பில் உட்கார்ந்து, கொண்டு வந்திருந்த சட்டத்தையும் வில்லைகளையும் எடுத்தேன். கல்யாண வீடு கண் ஆஸ்பத்திரி ஆகிவிட்டது. "இதா, அதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். கங்காணி முருகையா வந்து உட்கார்ந்தார். காலையில் ஆட்களைப் பெரட்டுக்கு வரவழைத்து வேலைக்கு அனுப்புகிறவர் அவர். எந்த வில்லையைப் போட்டாலும், "இதுவும் நல்லாத்தான் இருக்குங்க" என்றார். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

நேற்று நனைந்தது மூக்கில் இறங்கியிருந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டு, ஊரிலிருந்து கொண்டு போன ஜலதோஷ மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பக்கத்தில் வைப்பது என்றுதான் தெரியவில்லை.

எழுந்து குடையை எடுக்கப் போனேன். போனதாக நினைக்கிறேன். மழை விட்டிருந்தது. மூட்டத்தில் என் கை எனக்கே பாதிதான் தெரிந்தது. தேயிலைக்கு நடுவில் ஏறினேன். வரிசையாகப் போன செடிகள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. அதற்கு மேல் தரை இல்லை. செடிகள் இரண்டாகப் பிரிந்து நிற்க, நடுவே மண் வாய் பிளந்திருந்தது. உள்ளே வேர்கள் வெள்ளையாகத் தொங்கின. அந்தப் பிளவு வளைந்து நிழல் மரத்தடிக்குப் போனது. மரம் என் பக்கம் சாய்ந்திருந்தது. அதன் கீழே சாமி நின்றார். முகத்தைக் காணோம். கண்களைக் காணோம். கல் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது. கால் மண்ணுக்குள் இறங்கியது. கத்த வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை.

"அண்ணே, டீ." தெய்வானை நின்றாள். நான் பாயில் கிடந்தேன்.

என்ன ஒரு நிம்மதி! அப்பாடா, கனவு. சாமி திரும்பி நிற்பாராம், நான் போய்ப் பார்ப்பேனாம். டீயை ஒரு வாய் குடித்த பிறகு காலைப் பார்த்தேன். பாதத்தில் சேறு. இங்கே யார் காலில் சேறு இல்லை? கணுக்காலில் அட்டை கடித்த இடம் இரண்டு. காலையில் மலைக்குப் போனபோது ஒன்றா இரண்டா என்று பார்த்து வைக்கவில்லை. குடை மூலையில் இல்லை. அதுதான் மேலேயே கிடக்கிறதே, அது எதற்கும் சாட்சி ஆகாது. போய்ப் பார்த்துவிட்டால் போகிறது என்று வெளியே வந்தேன். மழை கொட்டிக்கொண்டிருந்தது. எதிரே இருக்கும் பந்தலே தெரியவில்லை.

நான் பார்த்தது தெளிவாக இருந்தது. அதுதான் உதைத்தது. வேரின் வெள்ளை, மண்ணின் வாசனை எல்லாம் இப்போது கையில் இருக்கும் டீக் கோப்பையை விடத் தெளிவாக இருந்தன. கோப்பைதான் மாத்திரை மயக்கத்தில் கலங்கித் தெரிந்தது. என் கடைச் சட்டப்படி பார்த்தால் அது நிஜம், இது கனவு.

சாயங்காலம் சிவலிங்கத்தைத் தனியாகப் பிடித்தேன். "மச்சான், மத்தியானம் தூங்கும்போது ஒண்ணு பார்த்தேன். இந்த மலை..."

அவர் என் வாயைப் பொத்திவிட்டார், விளையாட்டுக்கில்லை. "கனவா? கெட்டதா? சொல்லாதீங்க. கெட்ட கனவ மனுசன் காதுல போட்டா அது நடந்துரும். விடியறதுக்குள்ள பீலிக்குப் போயி ஓடுற தண்ணிகிட்ட சொல்லிட்டு, வாயக் கொப்பளிச்சுட்டு வந்துருங்க. தண்ணி கொண்டு போயிரும்." லயத்துக்குப் பக்கத்தில் பாறையிலிருந்து தகடு வைத்து இறக்கியிருக்கும் ஊற்றுத் தண்ணீர்தான் பீலி. குடிக்க, குளிக்க எல்லாம் அதுதான்.

"கனவா இல்லாம இருந்தா?" என்றேன்.

"கனவுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அவர் சிரித்தார். "போன மழைக்கும் இப்படித்தான். மலை வருது மலை வருதுன்னு ஆபீஸ்லருந்து சொன்னாங்க, சட்டி பானையப் போட்டுட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடுனோம். மலை வரல. திருடன்தான் வந்தான். எனக்குக் கனவே வர்றதில்ல மச்சான், நிம்மதியாத் தூங்குறேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். நாளை மறுநாள் முகூர்த்தம். தாய்மாமன் வந்து மலை பிளந்தது என்று சொன்னால், அது அபசகுனம் இல்லாமல் வேறென்ன? என் மாத்திரையின் பேச்சைக் கேட்டு ஒரு பெண்ணின் கல்யாணத்தை நிறுத்துவதா? சொல்லாமல் விட்டு, நான் பார்த்தது நிஜமாக இருந்தால்? லயம் முழுக்க விருந்தாளிகள். பின்சுவரோரம் வரிசையாகப் பாய் விரித்திருந்தார்கள். நான் அந்தப் பின்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது. தெய்வானை கவனிக்கவில்லை. பிரியா சாப்பிடவே இல்லை. கல்யாணக் கவலை என்று நினைத்தேன்.

விடியும் முன்பே எழுந்து பீலிக்குப் போனேன். தண்ணீரிடம் கனவு சொல்லப் போகிறவனை என் கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆனாலும் போனேன். பயம் வந்தால் எல்லா ஊர் வழக்கமும் நம் வழக்கம்தான்.

பீலியில் எனக்கு முன்பே ஆட்கள் இருந்தார்கள். ஒருத்தி தண்ணீருக்கு முன்னால் குனிந்து நின்றாள். மற்றவர்கள் பாறையோரம், தேயிலையோரம் என்று விலகி விலகி நின்றார்கள். சொல்கிறவள் குரல் காதில் விழாத தூரத்தில் நிற்பது மரியாதையாம். யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரட்டுக்குப் போக வேண்டிய கங்காணி முருகையாகூட அங்கே நின்றார். தண்ணீர் பிடிக்க இவ்வளவு பேரா என்று நினைத்தபோதுதான் கவனித்தேன். ஒருவர் கையிலும் குடம் இல்லை.

குனிந்து நின்றவள் தெய்வானை. விலகி நிற்கத் தெரியாத வெளியூர்க்காரன் நான், பக்கத்தில் போய்விட்டேன். அவள் சொன்னது கேட்டது. "கங்கையம்மா, நான் கண்டது கனவா இருக்கட்டும். தேயில ரெண்டாப் பிரிஞ்சு கெடக்கு. சாமி லயத்துக்கு முதுகக் காட்டுது. எம் புள்ள கல்யாணம் முடியற வரைக்கும் கனவாவே இருக்கட்டும்."

"தங்கச்சி" என்றேன். "அத நானும் பார்த்தேன்."

அவள் திரும்பிய வேகத்தில் கால் வழுக்கியது. "ஏன் அண்ணே கேட்டீங்க? ஏன் கேட்டீங்க? நாளைக்கு எம் புள்ளைக்குக் கல்யாணம். கேட்டா நடந்துருமே!" என் மார்பில் கையால் அடித்தாள்.

"எப்ப பார்த்த? தூங்கும்போதா?"

"வெறகுக்குப் போனேன். பார்த்தேன். வந்து படுத்தேன். ரெண்டு நாளாக் கண்ணு மூடல அண்ணே, செத்த மாதிரி தூங்கிட்டேன். முழிச்சப்ப... சாமி எங்கயாவது திரும்புவாரா? கனவாத்தான் இருக்கணும்னு நெனச்சுக்கிட்டேன்."

பாறைப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. "அம்மா, நானும் பார்த்தேன்." பிரியா. மஞ்சள் பூசிய முகத்தோடு, கையில் போனோடு நின்றாள். "அவருகிட்ட பேச மேல போனேன். மூட்டமா இருந்திச்சு. ஒங்ககிட்ட சொன்னா கல்யாணத்தத் தள்ளிப் போட்டுருவீங்க. அதான் கனவுன்னு வெச்சுக்கிட்டேன்." அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

மற்றவர்களைப் பார்த்தேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆனால் ஒருவரும் போகவில்லை. சாமி திரும்பி நின்றார் என்ற ஒரே காரணத்துக்காக நாங்கள் எல்லோரும் அதைக் கனவுக் கணக்கில் எழுதியிருந்தோம். ஒவ்வொருவரும் தனியாக வந்து, மற்றவர் காதில் விழாமல், ஒரே கனவைத் தண்ணீரிடம் சொல்லிவிட்டுப் போகப் பார்த்தோம். ஒரு கனவை இத்தனை பேர் காண முடியுமா? தண்ணீர் செம்மண் நிறத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

சிவலிங்கம் சத்தம் கேட்டு வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. "என்னா மச்சான், தாய்மாமனா வந்தீங்களா, கல்யாணத்த நிறுத்த வந்தீங்களா? ஒருத்தரும் முழிச்சுக்கிட்டுப் பார்த்தேன்னு சொல்லல. கனவுக்கு ஓட ஏலாது."

"ஓட வேண்டாம். போய்த் தொட்டுப் பார்ப்போம். கண்ணு லயத்துப் பக்கம் இருந்தா நான் உங்க காலில் விழறேன்."

அவரும் நானும் கங்காணியும் ஏறினோம். மூட்டம் அப்படியே நின்றது. ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு போனோம். மேலே போகப் போகத் தரை ஈரப் பஞ்சு போல அமுங்கியது. "பாதை இந்தப் பக்கமில்லையே" என்று சிவலிங்கம் முணுமுணுத்தார். பிறந்ததிலிருந்து நடந்த பாதை அது. எங்கோ மேலே ஒரு சின்னக் கல் உருண்டு வந்து தேயிலைக்குள் நின்றது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில்கூட, இதுவும் மாத்திரையின் வேலைதானோ, கொஞ்ச நேரத்தில் தெய்வானை டீயோடு வந்து எழுப்பிவிடுவாளோ என்று எனக்கு ஓர் ஆசை இருந்தது. எழுப்பிவிட மாட்டாளா என்று மனம் கெஞ்சியது.

பிளவை நாங்கள் பார்க்கவில்லை, கங்காணியின் கால் அதன் விளிம்பில் இறங்கியது. இழுத்துப் பிடித்தோம். அதை ஒட்டியே மரத்தடிக்குப் போனோம். சிவலிங்கம் குனிந்து கல்லைத் தடவினார். குருடர் முகம் தடவுவதைப் போல மெதுவாகத் தடவினார். "கண்ணு இல்ல" என்றார். "மழையில விழுந்திருக்கும்."

கங்காணி கையை அந்தப் பக்கம் கொண்டுபோனார். "இங்க இருக்குங்க" என்றார். "ரெண்டும் இருக்கு. இந்தப் பக்கம் இருக்கு." சாமி விழவில்லை. நின்ற மண்ணோடு சேர்ந்து அப்படியே திரும்பியிருந்தார்.

சிவலிங்கம் கையை எடுக்கவில்லை. பிறகு, "இறங்குங்க" என்றார். அந்த ஒரு சொல்தான். இறங்கும்போது யாரும் யாருடைய சட்டையையும் பிடிக்கவில்லை. உருண்டு புரண்டு ஓடினோம்.

பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடைகளோடு நின்றிருந்தார்கள். கங்காணி ஏறி நின்று, "இன்னைக்கு வேல இல்ல. லயத்துல ஒரு புள்ளகூட இருக்கக் கூடாது. தூக்கக்கூடியதத் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க" என்றார். யாரோ சிரித்தார்கள். யாரோ போன மழையின் திருடனைப் பற்றிப் பேசினார்கள். அப்போது தெய்வானை முன்னால் வந்தாள். மனிதர் காதில் போடக் கூடாது என்று காலையில் என்னை அடித்தவள், எல்லோர் காதிலும் விழும்படி தான் கண்டதை உரக்கச் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். அவள் முடித்ததும் பிரியா சொன்னாள். அதற்குப் பிறகு கூட்டத்திலிருந்து, "நானும்", "நானுந்தான்" என்று குரல்கள் வந்தன. சிரித்தவர்கள் கூடையைக் கீழே வைத்தார்கள்.

அன்று முழுக்கச் சாமான் தூக்கினோம். கல்யாண அரிசி, அண்டா, பந்தல் கம்புகள், மணப்பெண்ணின் பெட்டி எல்லாம் பள்ளிக்கூட ஹாலுக்கு வந்தன. மலை அசையவில்லை. சாயங்காலம் மழைகூட விட்டது. வானம் கழுவிவிட்டது போல இருந்தது. விருந்தாளிகளில் சிலர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். இந்தியாக்காரர் கல்யாண வீட்டை ஸ்கூலுக்குக் கொண்டு வந்துட்டார் என்று காதுபடப் பேசினார்கள். சிவலிங்கம் சாமியைத் தொட்ட கையை அடிக்கடி பார்த்துக்கொண்டார்.

மறுநாள் கீழ்க்கோயிலில் முகூர்த்தம். நான் பட்டு வேட்டி கட்டி, பிரியாவின் கையைப் பிடித்து மணவறைக்குக் கூட்டிவந்தேன். அவள் கை சில்லென்று இருந்தது. "மாமா, இது நெசந்தானே?" என்று மெதுவாகக் கேட்டாள். "கிள்ளட்டுமா?" என்றேன். சிரித்தாள். கெட்டிமேளம் முழங்கியது. தாலி ஏறியது. எல்லோரும் அட்சதை போட்டோம்.

மலை வந்தது அப்போதுதான். மேளச் சத்தத்தில் எங்களில் ஒருவருக்கும் கேட்கவில்லை. பிறகு பலர் கேட்டதாகச் சொன்னார்கள், நான் நம்பவில்லை. பந்தி நடந்துகொண்டிருந்தபோது, லயத்தில் மறந்து விட்ட கரண்டிகளை எடுத்து வரப் போனவர் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, பந்திக்கு நடுவில் நின்று மலைப் பக்கம் கையை நீட்டினார். போய்ப் பார்த்தோம். லயத்தின் பாதி இல்லை. சிவலிங்கத்தின் காம்பரா இருந்த இடத்தில் தேயிலைச் செடிகள் தலைகீழாகக் கிடந்தன. பஸ்ஸில் வந்த அந்த அம்மாள் ஏன் சிரிக்கவில்லை என்று அப்போது புரிந்தது. இரண்டு நாள் முன்பு நான் உட்கார்ந்து கண் பார்த்த இஸ்தோப்பு எது என்று என்னால் கையைக் காட்டிச் சொல்ல முடியவில்லை. எந்தப் பாயிலும் யாரும் இல்லை, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு தெய்வானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வந்து பல வாரம் ஆகிறது. பிரியா மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறாள். சிவலிங்கமும் தெய்வானையும் மற்றவர்களும் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் போட்ட தகரக் கொட்டகைகளில் இருக்கிறார்கள். வேறு இடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்களாம். எப்போது என்று சொல்லவில்லையாம். கனவே வராத மச்சான் இப்போது தூக்கத்தில் கையால் எதையோ தடவிக்கொண்டிருக்கிறாராம்.

போன வாரம் கடையில் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தபோது தெய்வானை கூப்பிட்டாள். "அண்ணே, ஒரு கனவு" என்றாள்.

"தண்ணிகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல அண்ணே. இனிமே மொதல்ல மனுசன்கிட்டதான். காம்பராவுல அடுப்பு எரியுது. பிரியா இஸ்தோப்புல தல சீவுறா. தெனமும் இதேதான் வருது. அங்க இருக்கையில இந்தத் தகரக் கொட்டகையத்தான் கனவுல பார்த்தேன்னு தோணுது. பக்கத்துக் காம்பராக்காரிகிட்ட, 'லயமே போயிட்ட மாதிரி கனவு கண்டேன் அக்கா'ன்னு சொல்லிச் சிரிக்கிறேன். அப்புறம் முழிக்கிறேன், இங்க இருக்கேன். எது நெசம்னு கொஞ்ச நேரம் புடிபட மாட்டேங்குது."

பழக்க தோஷம், வாயில் வந்துவிட்டது. "ரெண்டுல எது தெளிவா இருக்கு, தங்கச்சி?"

அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழும் சத்தம் கேட்டது. அவள் யோசித்துத்தான் சொன்னாள்.

"லயந்தான் அண்ணே."

எதிரே உட்கார்ந்திருந்தவர் சோதனைச் சட்டத்தோடு என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வில்லை என் விரல்களுக்கு நடுவில் இருந்தது. அதைப் போடாமல் நின்றேன்.